கடைத்தட்டில் இல்லாத போத்தல்கள்

கல்முனை நகரிலுள்ள கிருமிநாசினிக் கடை ஒன்றில் போய் இன்று மொனோகுரோட்டோபொஸ் கேட்டால் கிடைக்காது. மருதமுனை, நற்பிட்டிமுனை, சம்மாந்துறைப் பக்கத்து மூத்த வயற்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். இளந்தாரிகளாக அவர்கள் வேளாண்மைக்கு எண்ணெய், அதாவது கிருமிநாசினி, அடித்த காலத்தில் அது நாட்டில் சாதாரணமாக விற்பனையில் இருந்த சரக்கு. இப்போது முதுகில் விசிறும் தாங்கியைச் சுமந்துகொண்டு வட்டைக்குள் இறங்கும் அவர்களது பிள்ளைகள் அந்தப் போத்தலைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். அது அகற்றப்பட்டதும், அதற்குப் பின்னால் இன்னும் சில போத்தல்கள் அகற்றப்பட்டதும் மருத்துவ ஆய்வு இந்த நாட்டுச் சனங்களுக்குச் செய்த மிகப் பெரிய நன்மைகளுள் ஒன்று. ஆனாலும் அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மருந்து குடித்துக் குணமானவர் மருந்தின் பெயரைச் சொல்லுவார். கடையில் ஒரு பொருள் இல்லாததால் உயிரோடு இருப்பவருக்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

மருத்துவ ஆய்வின் பயன் என்றதும் புதிய மாத்திரை, புதிய ஊசி, புதிய கருவி என்றுதான் மனம் ஓடுகிறது. ஆய்வுகூடத்தில் ஒருவர் கண்டுபிடிக்கிறார், கம்பனி தயாரிக்கிறது, வைத்தியர் எழுதித் தருகிறார், நோயாளி எழுந்து நடக்கிறார். அந்தப் பாதை ஒருநாளும் இவ்வளவு நேராக இருந்ததில்லை. கடலோடிகளின் பல்லீறு அழுகி உயிரைக் கொண்டுபோன ஸ்கர்வி நோய்க்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் மருந்தாகும் என்று பிரித்தானியக் கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சோதித்துக் காட்டினார். நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்த எளிய சோதனை அது. கடற்படை தன் கப்பல்களுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க முடிவெடுத்தது 1795இல். இடையில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, கடலோடிகள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

இலங்கையின் கதை வயலில் தொடங்குகிறது. புதிய நெல்லினங்கள் வந்தன. அவற்றோடு உரமும் கிருமிநாசினியும் களைநாசினியும் வந்தன. கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் பாய்ந்த அம்பாறை வட்டைகள் முதல் அநுராதபுரத்தின் குளக்கட்டு வயல்கள் வரை விளைச்சல் கூடியது. மாரிப்போகத்துக்கு வாங்கிய போத்தலில் மிஞ்சியதைச் சிறுபோகத்துக்கென்று வீட்டு மூலையிலோ கூரை இறவாரத்திலோ வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. இப்படி நாட்டின் கிராமத்து வீடுகளுக்குள், முன்னொருகாலத்திலும் இல்லாத அளவுக்குக் கடும் நஞ்சு குடிபுகுந்தது. 1950இலிருந்து 1995 வரையான காலத்தில் இலங்கையின் தற்கொலை வீதம் எட்டு மடங்காக ஏறியது. 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற நிலை. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று.

அந்த மரணங்களை நெருங்கிப் பார்த்தவர்கள் கண்ட உண்மை முக்கியமானது. கிருமிநாசினியை வாய்க்குள் ஊற்றியவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் யோசித்துச் சாக முடிவெடுத்தவர்கள் அல்லர். கணவன் மனைவி சண்டை, பெற்றோரின் ஏச்சு, கடன்காரரின் வாசற்படி, குடிவெறி இப்படி ஏதோ ஒன்றில் மனம் உடைந்து, கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை எடுத்தவர்கள். வேறு நாட்டில் அதே வயதுப் பெண்ணோ இளைஞனோ அதே கோபத்தில் வீட்டு அலுமாரியில் இருந்த மாத்திரைகளை விழுங்கியிருப்பார். அநேகமாகப் பிழைத்தும் இருப்பார். அந்தக் கணத்தைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் வாழ்ந்து முடிக்கிறார்கள். இங்கே அந்தக் கணத்தில் கைக்குக் கிடைத்தது வைத்தியசாலையே தோற்றுப்போகும் நஞ்சு.

இதை எண்ணிக்கையாக்கி உலகின் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் தொழில்சார் மருத்துவ நிபுணர் ஜே. ஜெயரட்ணம். அவரும் சகாக்களும் 1982இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் கிருமிநாசினி நஞ்சினால் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ 1,000 பேர் இறந்தார்கள். சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நஞ்சைத் தாமாக உட்கொண்டவர்கள். கையுறை போடுங்கள், முகத்தை மூடுங்கள் என்று விவசாயிக்குச் சொல்லும் அறிவுரையால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது என்பதை அந்தக் கணக்கு தெளிவாக்கியது.

வைத்தியசாலைக்குள் நடந்த போராட்டத்தையும் சொல்லவேண்டும். நரம்பு தசைக்கு இடும் கட்டளையைக் கொண்டுபோவது அசற்றைல்கோலின் என்ற இரசாயனம். கட்டளை சேர்ந்ததும் அதை உடைத்து அகற்ற உடலில் ஒரு நொதியம் உண்டு. சேதன பொஸ்பரஸ் வகைக் கிருமிநாசினிகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வியர்வையும் உமிழ்நீரும் பெருகுகின்றன, கண்மணி சுருங்குகிறது, இதயம் மெதுவாகிறது, சுவாசப்பைக்குள் நீர் ஊறுகிறது, தசைகள் துடித்துத் துடித்துத் தளர்கின்றன. அத்ரோபின் என்ற மலிவான பழைய மருந்து இவற்றில் பலவற்றை அடக்கும். ஆனாலும் தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று மூச்சு நின்று இறந்துபோவதை வைத்தியர்கள் கண்டார்கள்.

பேராதனையில் பணியாற்றிய நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டார்கள். நஞ்சு உட்கொண்டு 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழக்கும் ஒரு தனி நிலை இருக்கிறது என்று 10 நோயாளிகளை வைத்து 1987இல் எழுதினார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை அதை வெளியிட்டது. அதில் புதிய மருந்து எதுவும் இல்லை. நோயாளியை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பாதே, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு, செயற்கைச் சுவாச இயந்திரத்தை ஆயத்தமாக வை என்பதுதான் அது தந்த பாடம். உலகின் நஞ்சியல் பாடநூல்களில் இன்று அது ஓர் அத்தியாயம். பேராதனைக் கட்டிலருகே கண்டது, எந்த நாட்டு வார்ட்டிலும் உயிர் காக்கிறது.

ஆனால் கட்டிலருகே செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. சேதத்தின் பெரும்பகுதி நோயாளி வைத்தியசாலைக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. ஆகவே நஞ்சு வீட்டுக்குள் வரும் வழியையே மாற்றவேண்டியிருந்தது.

அதற்கான சட்டம் நல்லவேளையாக ஏற்கெனவே இருந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவாளர் ஒருவரின் அனுமதி இல்லாமல் எந்தக் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வரமுடியாது என்றது. அந்த அதிகாரத்தின் கீழ் 1984இல் பரத்தியனும் மெதைல் பரத்தியனும் நிறுத்தப்பட்டன. 1995இல் மொனோகுரோட்டோபொஸும் மெதமிடோபொஸும் நிறுத்தப்பட்டன. மிகக் கொடியவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முதல் வகுப்பு நஞ்சுகள் அத்துடன் பாவனையிலிருந்து போயின.

கதை இங்கே முடிந்திருந்தால் இது சாதாரணத் தடை ஒன்றின் கதையாகவே இருந்திருக்கும். அகற்றியவற்றின் இடத்தை என்டோசல்பான் பிடித்தது. வலிப்பு நிற்காமல் இறக்கும் நோயாளிகள் புதிதாக வார்ட்டுக்கு வரத் தொடங்கினார்கள். 1994இல் ஒன்றாக இருந்த அந்த மரணங்கள் 1998இல் 50 ஆயின. வைத்தியர்கள் எண்ணிக்கொண்டிருந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது. 1998இலேயே என்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளில் மரணங்கள் மூன்றாகக் குறைந்தன. இதையெல்லாம் தொகுத்து 2003இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர்களைப் பார்த்தால் விடயம் விளங்கும். சிறுநீரக மருத்துவத்தில் பெயர்பெற்ற பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் அதில் இருக்கிறார். நஞ்சியல் ஆய்வாளர்களான மைக்கல் எடில்ஸ்டனும் நிக் பக்லியும் இருக்கிறார்கள். அவர்களோடு பீடைகொல்லிப் பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் இருக்கிறார். மருத்துவ ஆய்வின் முடிவைக் கடைக்குள் கொண்டுபோகும் அதிகாரம் உள்ளவர் ஆய்வுக்குள்ளேயே இருந்தார். சுகாதாரம் ஓர் அமைச்சு, விவசாயம் இன்னோர் அமைச்சு என்று கோப்புகள் அலையும் நாட்டில் இதுவே பாதி வெற்றி.

மீதிப் பாதி, கிடைத்த பலனைத் திரும்ப அளந்து பார்த்தது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரை 19,769 தற்கொலைகள் குறைந்தன என்று ஆய்வாளர் டேவிட் கன்னல் குழுவினர் 2007இல் காட்டினார்கள். இது தடையால்தான் குறைந்ததா? வேலையில்லாத் திண்டாட்டம், மதுப் பாவனை, விவாகரத்து, உள்நாட்டு யுத்தம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். இவற்றின் ஏற்ற இறக்கம் எதுவும் இந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகையும் குறையவில்லை. வந்தவர்களில் இறப்பவர்களின் பங்குதான் குறைந்தது. சனங்களின் துயரம் குறைந்துவிடவில்லை, ஆனால் அந்தத் துயரத்தின் விலை உயிராக இருப்பது குறைந்தது.

வயற்காரர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு: நல்ல மருந்தை நிறுத்தினால் பூச்சியை யார் தடுப்பது, விளைச்சல் என்னாவது? அதையும் ஆராய்ந்தார்கள். மனுவீரவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1995, 1998 தடைகளுக்குப் பின் நெல் உட்பட்ட பயிர்களின் விளைச்சல் அதனால் வீழ்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. ஒரு நஞ்சை எடுத்தபோது அதே பூச்சிக்கு அடிக்கக்கூடிய, மனிதனைக் கொல்லும் வலிமை குறைந்த வேறொன்று கடையில் இருந்தது. கமத்தொழிலைக் கைவிடாமல் உயிரைக் காக்கமுடியும் என்பதற்கு அதுவே ஆதாரம்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் இலங்கை ஆய்வாளர்கள் உலகத்துக்கே புதிய ஒன்றைச் சொன்னார்கள். கிருமிநாசினியின் கொடுமையை உலகம் எலியை வைத்து அளந்துவந்தது: கொடுக்கப்பட்ட எலிகளில் பாதி சாக எவ்வளவு நஞ்சு வேண்டும் என்ற அளவு. எலியில் ஒரே வகுப்பைச் சேர்ந்த மூன்று சேதன பொஸ்பரஸ் கிருமிநாசினிகளை உட்கொண்ட 802 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஒன்றை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள். இன்னொன்றில் 16 பேர். மற்றொன்றில் 23 பேர். எலிக்கு ஒன்றாகத் தெரிந்தவை மனிதருக்கு மூன்று மடங்கு வேறுபட்டன. கரைப்பான், கொழுப்பில் படியும் தன்மை, உடலுக்குள் மாறும் வேகம் என்று காரணங்கள் பல. பின்னர் அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் 2002 முதல் 2008 வரை 9,302 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளிவந்தபோது, இறப்பு வீதம் பூச்சியம் முதல் நூற்றுக்கு 42 வரை பொருளுக்குப் பொருள் மாறியது தெரிந்தது. இப்படிச் சேர்ந்துவந்த சான்றின் மேல் 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்ற களைநாசினி உட்பட மூன்று பொருட்கள் படிப்படியாக விலக்கப்பட்டன.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உச்சநிலையிலிருந்து நூற்றுக்கு 70 அளவு இறங்கியிருந்தது. அந்த இருபதாண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கல்முனை மாநகர எல்லைக்குள் வாழும் மொத்தச் சனத்தொகையை நெருங்கும் எண்ணிக்கை அது.

இந்த வெற்றியோடு தோல்விகளையும் சொல்வதுதான் நேர்மை. ஏனெனில் அவையும் பயன் தந்தவை. வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சும் என்று நம்பிக் கரித்தூள் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 6.3 பேரும், கொடுக்காதவர்களில் 6.8 பேரும் இறந்தார்கள். பயன் இல்லை என்பது 2008இல் தெளிவானது. வீட்டிலுள்ள போத்தலைப் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்தால் என்ன என்ற யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 53,382 வீடுகள் என்று மாபெரும் அளவில் நடத்திய சோதனை 2017இல் வெளிவந்தபோது, பெட்டி கொடுத்த கிராமங்களிலும் நஞ்சருந்துவது குறையவில்லை என்பது தெரிந்தது. பணத்தையும் உழைப்பையும் எங்கே போடக்கூடாது என்று தெரிவது ஏழை நாட்டுக்குச் சிறிய விடயமல்ல.

மனதை வருத்தும் தோல்வி வேறொன்று. வேலியோரம் நிற்கும் ஒரு பூச்செடியின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும். அதற்கு எதிர்நஞ்சு வேலைசெய்கிறது என்று 66 நோயாளிகளை வைத்து இலங்கையில் நடந்த சோதனை 2000இல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. பிறகு அந்த எதிர்நஞ்சின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று, வரத்து நின்றது, மரணங்கள் மறுபடி கூடின. ஆய்வு வென்றும் நோயாளி தோற்றார். இதற்கு மறுதலையாக வங்காளதேசத்தின் சிட்டகொங்கில் 156 நோயாளிகளோடு நடந்த சோதனை 2012இல் வெளியானது. அதே மலிவான அத்ரோபினை, அளவை விரைவாக இரட்டிப்பாக்கிக் கொடுத்துப் பின் துளித்துளியாகத் தொடர்ந்தபோது இறப்பு நூற்றுக்கு 22.5இலிருந்து 8 ஆகக் குறைந்தது. புதிய மருந்து வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை ஒழுங்காகச் சோதித்தது போதுமாக இருந்தது.

அண்டை நாட்டில் இந்த அறிவு உரிய இடத்துக்குப் போகாததன் விலையையும் உலகம் பார்த்தது. இலங்கை 1995இல் கைவிட்ட அதே மொனோகுரோட்டோபொஸ் இந்தியாவில் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. 2009இலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிக்கை ஒன்று அதன் ஆபத்தை இந்தியாவுக்கு எடுத்துச் சொன்னது. 2013 ஜூலையில் பீகார், சாரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமப் பாடசாலையில் மதிய உணவு சமைத்த எண்ணெயில் அது கலந்துபோய் 23 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே யாரும் சாக நினைக்கவில்லை. போத்தல் இருக்கும் இடத்தில் விபத்தும் இருக்கும்.

தடை என்ற சொல்லைக் கேட்டாலே அம்பாறை வயற்காரர்கள் இன்று முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் ஒரே அடியாக இறக்குமதித் தடை வந்தது. வேளாண்மை மஞ்சளித்தது, கமக்காரர் வீதிக்கு இறங்கினார்கள், நவம்பரில் அரசு பின்வாங்கியது. அதற்குள் அந்தப் போகம் கெட்டுவிட்டது. 2015இல் கிளைபோசேற்று என்ற களைநாசினிக்கு வந்த தடையும், சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தின் மேல் போதிய சான்று இல்லாமல் எழுந்து, பின்னர் தளர்ந்தது. இவற்றையும் 1995, 1998, 2008 தடைகளையும் ஒரே கூடையில் போடுவது பெரும் தவறு. 2015, 2021 தடைகள் எந்தக் கணக்கும் இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தின, அல்லது நிறுவப்படாத ஒன்றின் பேரில் நிறுத்தின. மற்றவை இன்ன பொருள் இத்தனை பேரைக் கொன்றது என்று வார்ட்டில் எண்ணி, மாற்று இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு விளைச்சலையும் மரணத்தையும் திரும்ப அளந்தவை. மருத்துவ ஆய்வு சமூகத்துக்குப் பயனாகும் வழி இதுதான் என்று இலங்கை நடைமுறையில் காட்டியிருக்கிறது.

வேலை முடிந்துவிடவில்லை. மீதமிருக்கும் கிருமிநாசினிகளிலும் உயிரெடுப்பவை உண்டு. மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி விழுங்குவது கூடியிருக்கிறது. வைத்தியசாலை பார்த்து வீட்டுக்கு அனுப்பியவரின் மனக்காயத்தை ஆற்றும் ஏற்பாடு இன்னும் மெலிவாகவே இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. ஆனாலும் பொலிஸ் வருமோ, ஊர் பேசுமோ என்ற பயத்தில் எந்தச் சமூகத்திலும் குடும்பங்கள் இதை மறைக்கின்றன, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் தாமதிக்கின்றன. அந்தத் தாமதம் உயிரைக் கொண்டுபோகிறது. சட்டம் மாறியதைப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் கோயில் தலைவர்களும் கமக்காரர் அமைப்புகளும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

வீட்டில் யாராவது நஞ்சு உட்கொண்டுவிட்டால் உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைத்து நேரத்தை வீணாக்காமல் உடனே கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கூடவே எடுத்துப் போங்கள். எண்ணெய் குடித்துவிட்டார் என்று சொல்வது போதாது; போத்தலிலுள்ள பெயர்தான் வைத்தியருக்கு வழிகாட்டும். இப்படி எழுதிவைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பெயர்களிலிருந்துதான் மேலே சொன்ன ஆய்வுகள் அத்தனையும் பிறந்தன. மனம் தாங்காத நேரத்தில் உங்களுக்கோ உங்களுக்கு வேண்டியவர்களுக்கோ பேச ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.